யாருடைய பாடும் இல்லாத தண்ணீர்

ரோஸ்மேரியை முதன்முதலாகத் 'தொழில்முனைவோர்' என்று கூப்பிட்டவர் மோகன்குமார். நெடுஞ்சாலை ஓரத்தில் எழும்பியிருந்த தனியார் பல்கலைக்கழகத்தில் அவர் தொழில்முனைவு மையத்தின் இயக்குநர். பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் நாணல்குப்பத்துக்கு அவருடைய கார் வந்து நின்றபோது, ரோஸ்மேரி அப்போதுதான் தண்ணீரிலிருந்து ஏறி, இடுப்புவரை சேறும் பாசியுமாக நின்றிருந்தாள்.

"இவங்கதான் நாளைய தொழில்முனைவோர்," என்று அவர் கூட வந்தவர்களிடம் அவளைக் காட்டிச் சொன்னார்.

ரோஸ்மேரிக்கு அந்த வார்த்தை பிடிபடவில்லை. ஏதோ குறை சொல்கிறாரோ என்று பக்கத்தில் நின்ற பவுனம்மாளைப் பார்த்தாள்.

"தொழில் பண்றவங்கனு அர்த்தமாம்டி," என்றாள் பவுனம்மாள், முந்தானையைப் பிழிந்தபடி. "அப்ப இத்தினி வருசமா நம்ப இன்னா பண்ணிக்கினு இருந்தோமாம்?"

நாணல்குப்பத்து ஆண்களுக்குப் படகு உண்டு, வலை உண்டு, பாடும் உண்டு. பாடு என்றால் முறை. ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை கட்டலாம் என்று ஊர்க்கூட்டம் பிரித்துக் கொடுக்கும். பெண்களுக்குப் பாடு கிடையாது. மாதாகோயில் தெருவில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் கிடையாது. ரோஸ்மேரி அந்தத் தெருக்காரி. பவுனம்மாள் மீனவர் வீட்டில் பிறந்து மீனவர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள்தான்; ஆனால் புருஷன் கடலில் செத்துப்போன அந்த வருஷமே அவனுடைய பாடும் அடுத்தவன் கைக்குப் போய்விட்டது.

இப்படிப் பாடில்லாத பெண்களுக்கென்று யாரும் ஒதுக்கிக் கொடுக்காமல், ஆனால் யாரும் தடுக்காமலும் ஓர் இடம் இருந்தது. ஊருக்குத் தெற்கே, படகு தரைதட்டும் அளவுக்கு ஆழமில்லாத பரப்பு. மேட்டுத்தண்ணி என்பார்கள். அங்கே பெண்கள் தண்ணீருக்குள் முழங்காலிட்டு நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, புதைந்து கிடக்கும் இறாலைப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலையில் பின்னிய பறி என்ற சின்னக் கூடையைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். கை இரண்டும் சேற்றுக்குள் இருக்கும்போது கூடையைப் பிடிக்க வேறு எது இருக்கிறது? சிப்பி கிழிக்கும், கெளுத்தி முள் குத்தும், நகக்கண் எந்நேரமும் அழுகிக்கொண்டிருக்கும். ஆனாலும் அன்றாடம் உலை கொதித்தது.

மோகன்குமார் அப்படிச் சும்மா வந்து போகிற ஆள் இல்லை. பல்கலைக்கழகம் நாணல்குப்பத்தைத் 'தத்து' எடுத்துக்கொண்டது. திவ்யா என்ற பெண்ணைக் கள ஒருங்கிணைப்பாளராகப் போட்டார்கள். மீஞ்சூர்க்காரி, சமூகப்பணி படித்தவள், வருஷா வருஷம் நீட்டிக்கிற ஒப்பந்த வேலை. பொன்னேரி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வருவாள். மத்தியானச் சாப்பாடு பெரும்பாலும் ரோஸ்மேரி வீட்டில்தான். "அக்கா, உங்க நண்டு ரசம் இல்லாம எனக்கு வேலையே ஓடாது," என்பாள். ரோஸ்மேரிக்கும் அவளைப் பிடித்துப்போயிற்று.

திட்டம் இதுதான். புதிதாக ஓடு கழற்றியதால் உள்ளே சதையில்லாமல் இருக்கும் தண்ணி நண்டை வாங்கி, மூங்கிலும் வலையும் வைத்துக் கட்டிய கூண்டுகளில் விட்டு, கழிவு மீனைத் தீனியாகப் போட்டுக் கொழுக்க வைப்பது. பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அங்கேயே கம்பெனி தொடங்கியிருந்த தனசேகர் என்ற பையன் கூண்டு கொடுப்பான். நண்டையும் அவனே வாங்கிக்கொள்வான். ஐந்து பெண்களைக் குழுவாகச் சேர்த்து ரோஸ்மேரியைத் தலைவியாகப் போட்டார்கள். பவுனம்மாளையும் கூப்பிட்டார்கள். அவள் வரவில்லை.

"வாய்ல பறி, கைல சேறு. எனுக்கு அது போதும்," என்று சொல்லிவிட்டாள்.

முதல் வருஷம் நல்லபடியாகவே போனது. அதை மறைத்துச் சொல்லக் கூடாது. ஆளுக்கு ஒன்றாக ஐந்து கூண்டு, மேட்டுத்தண்ணியின் ஓரத்தில். முதல் நண்டு எடுத்த அன்று ரோஸ்மேரி கனத்த ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, திவ்யா படம் எடுத்தாள். அந்தப் படம் எங்கெங்கோ போயிற்று. நகக்கண் ஆறிவிட்டது. வீட்டுக்காரர் ஜேம்ஸ் மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தக் கூலி. மனைவி நண்டு விற்றுப் போட்ட சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "ஜில்லுனு கீதுடி," என்று அவர் சொன்னபோது ரோஸ்மேரிக்கு வந்த சந்தோஷம் பொய்யில்லை.

இரண்டாம் வருஷம் தனசேகரின் கம்பெனிக்கு எங்கிருந்தோ முதலீடு வந்தது. ஐந்து கூண்டு வரிசை வரிசையாகப் பெருகிற்று. புதுக் கூண்டுகள் குழுவுடையவை அல்ல, கம்பெனியுடையவை. ஒரு காலையில் பெண்கள் இறங்கப் போனபோது மேட்டுத்தண்ணியைச் சுற்றிக் கயிறு கட்டிச் சிவப்பு மிதவை விட்டிருந்தது. கரையில், ரோஸ்மேரி நண்டோடு நிற்கும் படம் போட்ட பலகையின் கீழே, ஒரு வாட்ச்மேன் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"உள்ள போவக்கூடாது. நீங்க கால வச்சா கூண்டு கலங்கிப்பூடும். காலேஜ் ஆர்டர்," என்றான்.

பவுனம்மாள் நேராக மாதாகோயில் தெருவுக்கு வந்து, ரோஸ்மேரி வீட்டு வாசலில் பறியை வைத்தாள்.

"இன்னாக்கா?" என்று ரோஸ்மேரி வெளியே வந்தாள்.

"உன் நண்டுக்கு வேலி கட்டினாங்கோ, சரி. எங்க வயித்துக்கும் சேத்து கட்ட சொன்னியா நீயி?"

"அய்யோ, எனுக்கு இன்னாக்கா தெரியும்? என்ன கேட்டா செஞ்சாங்கோ?"

"தலைவியாம் தலைவி. உன்ன கேக்காமதான் உன் போட்டோவ போட்டு கயிறு கட்றாங்களா? பல்லு வுழுந்துதுனா பறி கடிக்க முடியாதேனு ஒரு பயம் எனுக்கு. அதுக்குள்ள கயிறு கட்டிட்டீங்களேடி!"

பறியை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். அதன் பிறகு அவள் ரோஸ்மேரியோடு பேசவில்லை. தேவகியும் லட்சுமியும் மற்ற பெண்களும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். தண்ணீர் ஆழமாக இருக்கும் வடக்குப் பக்கம் போனார்கள்; அங்கே வலை கட்டியிருந்த ஆண்கள் விரட்டினார்கள். சிலர் பொன்னேரிப் பக்கம் கட்டட வேலைக்கு அலைந்தார்கள்.

ரோஸ்மேரி திவ்யாவிடம் சொன்னாள். திவ்யா முகம் வாடிப்போய், "சார்கிட்ட சொல்றேன்க்கா," என்றாள். உண்மையிலேயே சொன்னாள். பதில், அடுத்த கட்டத்தில் எல்லாரையும் குழுவில் சேர்த்துக்கொள்ளலாம் என்று வந்தது. அடுத்த கட்டம் எப்போது என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. மறுபடி கேட்டபோது, ஊர் மக்களிடம் கலந்து பேசித்தான் இடம் எடுத்திருக்கிறோம் என்றார்கள்.

எந்த மக்களிடம்? ரோஸ்மேரி ஊர்த்தலைவர் சின்னதம்பி வீட்டுக்குப் போனாள். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"கூட்டத்துல கேட்டாங்கோ, குடுத்தோம்," என்றார். "நம்ப ஆளுங்க எவனாச்சும் அங்க வல கட்றானா? படவு போவுதா? அது யார் பாடும் இல்லமா."

"பொம்பளைங்க நாங்க எறங்குறோமே, தலைவரே."

"எறங்குறீங்கோ. நான் இல்லங்கல. ஆனா அது பாடா? கணக்குல கீதா? அவங்கோ ஊருக்கு ஏலக் கொட்டாயும் ஐஸ் மிஷினும் வச்சித் தரேன்னு சொல்லிக்கிறாங்கோ. நூறு குடும்பத்துக்கு ஆவுற காரியம். நீயே அதுல முன்னுக்கு வந்தவ, நீயே வந்து கேக்குறியே!"

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஐஸ் இல்லாமல் மீன் நாறிப்போய் வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட்ட நாட்கள் அவருக்கு நிறைய உண்டு. ஆனால் பெண்கள் ஆயுசு முழுக்கச் சேற்றில் முட்டி தேய்த்த இடம் அவர் கணக்கில் வெற்றிடமாக இருந்தது. அவர் அந்த வெற்றிடத்தைத் தூக்கிக் கொடுத்தார். படித்தவர்கள் கை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். வழியில் ஒரு பெண்ணைக்கூட நிறுத்தி யாரும் கேட்கவில்லை. திரும்பி நடந்து வரும்போது ரோஸ்மேரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் விழா வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள், ஒப்பந்தம் கையெழுத்தாகப் போகிறது, சமூகப் பங்காளியாக ரோஸ்மேரிக்கு மேடையில் மரியாதை. மோகன்குமாரே போனில் பேசினார்.

"சார், அந்தக் கயித்து விஷயம்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"பேசலாம்மா. விழா முடியட்டும், உக்காந்து நிதானமா பேசலாம். அன்னைக்கு மட்டும் திவ்யா சொல்லிக் கொடுக்கறதப் பேசிடுங்க."

திவ்யா நாலைந்து வரி சொல்லிக் கொடுத்தாள். முன்பு எனக்கு நிரந்தர வேலை இல்லை, பல்கலைக்கழகம் என் வாழ்க்கையை மாற்றியது, நன்றி. ரோஸ்மேரி முணுமுணுத்துப் பழகினாள். விழா முடிந்ததும் பேசலாம் என்று சார் சொல்லியிருக்கிறாரே. அந்த நம்பிக்கையில்தான் குழுவுக்கென்று கொடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.

அரங்கம் குளிர்ந்து கிடந்தது. மாணவர்கள், ஆசிரியர்கள், பக்கத்து ஊர்ப் பிரமுகர்கள் என்று நிறைந்திருந்தது. முன்வரிசையில் வெளிநாட்டுக்காரர்கள். முதலில் ஒரு படம் போட்டார்கள். தமிழில் ஓர் ஆண் குரல் பேச, கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. ஏரியை மேலிருந்து டிரோனில் எடுத்திருந்தார்கள். இத்தனை வருஷம் உள்ளே கிடந்து உருண்ட தண்ணீரை மேலிருந்து பார்த்ததும் ரோஸ்மேரிக்கு மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. எவ்வளவு அழகு.

"யாருக்கும் பயன்படாமல் கிடந்த இந்த நீர்ப்பரப்பு..." என்றது குரல்.

மேட்டுத்தண்ணி திரை முழுக்க விரிந்தது. கூண்டு கட்டுவதற்கு முன்னால் எடுத்த காட்சி. அதன் நடுவே கருப்புப் புள்ளிகளாகத் தலைகள். ஒன்றன் பின் ஒன்றாக, குனிந்து, மெதுவாக நகரும் தலைகள். ஒரு தலையில் மஞ்சள் துணி. வெயிலுக்குப் பவுனம்மாள் சுற்றிக்கொள்கிற துணி அது. பக்கத்தில் ஒட்டினாற்போல் போவது தேவகி; அவள் எப்போதும் பவுனம்மாளை ஒட்டித்தான் போவாள்.

யாருக்கும் பயன்படாமல் கிடந்த. அவர்கள் தலையைக் காட்டிக்கொண்டே சொன்னார்கள். எடுத்தவன் பார்த்தான், வெட்டி ஒட்டியவன் பார்த்தான், மோகன்குமார் எத்தனையோ தடவை பார்த்திருப்பார். ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை.

பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ரோஸ்மேரி மேடை ஏறினாள். மொழிபெயர்க்கத் திவ்யா இன்னொரு மைக்கோடு பக்கத்தில் நின்றாள். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் பவுடர், "பேசுங்கக்கா," என்ற சிரிப்பு.

"வணக்கம்," என்றாள் ரோஸ்மேரி. பழகிய வரிகள் தொண்டைவரை வந்து நின்றன. அவற்றை அப்படியே விழுங்கினாள்.

"இப்ப படத்துல மஞ்ச துணி கட்டிக்கினு ஒரு தல போச்சே, அது எங்க பவுனம்மாக்கா. கூட போனது தேவகி. பின்னாடி லட்சுமி. எல்லாம் இறால் தடவுற பொம்பளைங்க. யாருக்கும் ஒதவாத தண்ணினு சொல்லிக்கினே அவங்க தலைய காட்றீங்களே, அது தல இல்லாம இன்னா, தேங்கா மட்டையா? என் ஆத்தா அந்த தண்ணிலதான் கெடந்து என்ன வளத்துச்சு. நண்டுனால எனுக்கு நல்லது நடந்துது. இல்லனு சொன்னா என் நாக்கு அழுவிப்பூடும். ஆனா இப்ப அங்க கயிறு கட்டி வாட்ச்மேன் போட்டு அவங்கள தொரத்துறாங்கோ. எங்கள ஒரு வார்த்த கேக்கல. எனுக்கு மால வேணாம், ஒன்னியும் வேணாம். கயித்த அவுத்து வுடுங்க. அத்த மட்டும் செய்யுங்க."

அரங்கத்தில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. திவ்யாவின் முகம் வெளுத்துவிட்டது. அவள் பார்வை முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்த மோகன்குமாரிடம் போயிற்று. அவர் அசையவில்லை, விழிகள் மட்டும் அவள்மேல் நின்றன. பிறகு திவ்யா மைக்கை உயர்த்தி ஆங்கிலத்தில் பேசினாள். ரோஸ்மேரி அத்தனை நேரம் பேசியதற்கு அவள் பேசியது கொஞ்சம்தான். அதில் 'ஹேப்பி' வந்தது. 'ஃபியூச்சர்' வந்தது. கடைசியில் 'தேங்க்ஸ்' வந்தது.

வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி நெஞ்சில் கையை வைத்து ரோஸ்மேரியைப் பார்த்து நெகிழ்ந்து சிரித்தாள். முன்வரிசை கைதட்டியது. அதைப் பார்த்து அடுத்த வரிசை. பிறகு அரங்கம் முழுக்க.

"இன்னா சொன்ன?" என்றாள் ரோஸ்மேரி. மைக் அணையவில்லை, எல்லாருக்கும் கேட்டது.

"அக்கா... கீழ போயிடலாம்க்கா, ப்ளீஸ்."

"எனுக்கு இங்கிலீஷ் வராது. ஆனா தேங்க்ஸ்னா இன்னானு தெரியும். நான் எங்கடி தேங்க்ஸ் சொன்னேன்?"

பின்வரிசையில் சில மாணவர்கள் சிரித்தார்கள். மோகன்குமார் மேடைக்கு வந்துவிட்டார். திவ்யாவின் கையிலிருந்த மைக்கை வாங்கி, ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி, சொல்லும்போதே ரோஸ்மேரியின் தோளில் ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். வெளிநாட்டுக்காரர்கள் மறுபடி கைதட்டினார்கள்.

ரோஸ்மேரி அவரைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்களுக்கெல்லாம் தமிழ் தெரியும்ல? நான் பேசினது புரிஞ்சுதுல? யாராச்சும் ஒருத்தர் எயுந்து அந்தம்மாக்கு சொல்லுங்களேன். நான் சொன்னத சொல்லுங்க, போதும்."

யாரும் எழுந்திருக்கவில்லை. அத்தனை பேர். பேராசிரியர்கள், சமூகப்பணி படிக்கிற பிள்ளைகள், கழுத்தில் துண்டு போட்ட பெரிய மனிதர்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள், சிலர் செல்போனைப் பார்த்தார்கள். அவள் பேசிய மொழி அவர்கள் தாயிடம் பேசுகிற மொழி. அந்த நிமிஷம் அது ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. மைக்கை அணைத்துவிட்டார்கள். இரண்டு பெண்கள் வந்து கையைப் பிடித்து மெல்ல இறக்கினார்கள்.

பொன்னாடையைக் காலி நாற்காலி ஒன்றின்மேல் போட்டாள். சாப்பிடவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவளிடம் திவ்யா ஓடிவந்தாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா, அடுத்த மாசம் என் கான்ட்ராக்ட் முடியுதுக்கா. சார் பாத்த பார்வையில எனக்கு வாயே வரல. எங்க வீட்ல நான் ஒருத்திதான்க்கா சம்பாதிக்கிறேன்."

"நீ ஒன்னும் சொல்லாம இருந்திருந்தாகூட நான் உன்ன கோச்சிக்க மாட்டேன்," என்றாள் ரோஸ்மேரி. "பயம்னு வுட்டுருப்பேன். ஆனா என் வாய்ல நீ வேற வார்த்தய வச்சிட்ட பாரு. என் வூட்டு சோத்த தின்னுட்டு."

திவ்யா நின்ற இடத்திலேயே நின்றாள். பஸ் கிளம்பியது.

சாயங்காலம் ஜேம்ஸ் வேலை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர் சட்டையைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாய மேடைல ஏத்தினாகூட கொரைக்கும்போது கவனிப்பானுங்க," என்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "ஆனா மேரி, உன் கூண்டும் அங்கதான கீது? அது நின்னுக்கினு இருக்கும்போது நீ பேசறது எவன் காதுல ஏறும்? பவுனம்மாக்காக்கே ஏறாது," என்றார்.

அது அவளுக்குத் தெரியாததல்ல.

விடிந்ததும் ரோஸ்மேரி பவுனம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள். "அக்கா, நான் என் கூண்ட புடுங்கப் போறேன். வரியா?" என்று மட்டும் கேட்டாள். பவுனம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மஞ்சள் துணியை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டாள். போகிற வழியில் தேவகி சேர்ந்தாள், லட்சுமி சேர்ந்தாள். தண்ணீருக்குப் போய்ச் சேர்வதற்குள் மேட்டுத்தண்ணியில் இறங்குகிற எல்லாப் பெண்களும் வந்துவிட்டார்கள்.

"இன்னாமா, இன்னாமா," என்று நாற்காலியை விட்டு எழுந்த வாட்ச்மேன் அப்படியே உட்கார்ந்தான்.

ரோஸ்மேரி முதலில் தன் கூண்டைத் திறந்தாள். பாதி கொழுத்த நண்டுகள். இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் விட்டால் நல்ல விலைக்குப் போயிருக்கும். வலையை அறுத்துவிட்டதும் அவை கொடுக்கைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து சேற்றில் மறைந்தன. குழுவில் இருந்த மற்ற நாலு பேரில் இரண்டு பேர் திட்டினார்கள், கரையில் நின்று அழுதார்கள். இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். மூங்கிலை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார்கள். பிறகு கம்பெனியின் கூண்டுகள். பிறகு கயிறு. சிவப்பு மிதவைகள் அவிழ்ந்து காற்றுக்கு ஏரி நடுவே போயின.

சின்னதம்பி நாலைந்து ஆட்களோடு ஓடிவந்தார்.

"பேஜார் பண்ணாதீங்கோ! ஐஸ் மிஷினு வராம பூடும்! கூட்டத்துல பேசி குடுத்த எடம் அது!"

"யார் கூட்டம்?" என்றாள் பவுனம்மாள், கையில் மூங்கிலோடு நிமிர்ந்து. "என்ன கூப்ட்டியா? இவள கூப்ட்டியா?"

"அது யார் பாடும் இல்லன்னு..."

"யார் பாடும் இல்லனா எங்க பாடு. இன்னிலேர்ந்து எங்க பாடு. கணக்குல எழுதிக்க."

ஆண்களில் ஒருவன் தண்ணீரில் இறங்கினான். எதிரே நின்ற பெண்களில் அவனுடைய சின்னம்மாவும் இருந்தாள். அவள் அவனையே பார்த்தாள். அவன் ஏறிவிட்டான்.

தனசேகர் போலீசில் புகார் கொடுத்தான். ரோஸ்மேரி, பவுனம்மாள், தேவகி மூவரையும் வரச்சொல்லி ஸ்டேஷன் வாசலில் பகலெல்லாம் உட்கார வைத்தார்கள். ஈரம் காய்ந்த சேலையில் உப்புப் பூத்திருந்தது. சொத்துக்குச் சேதம் என்றார் எஸ்.ஐ. "நண்டெல்லாம் எங்கமா?" என்று கேட்டார்.

"ஏரிக்கு போய்ச்சி சார்," என்றாள் பவுனம்மாள். "அதுங்க வூடு அதான?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஃபைலைப் பார்த்தார். மற்ற பெண்கள் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து வெளியே கூடிவிட்டார்கள். ஜேம்ஸ் வேலைக்குப் போகாமல் வந்தார். பத்திரிகை நிருபர் ஒருவர் வந்து படம் எடுத்தார். அது அச்சில் வரப்போகிறது என்று தெரிந்ததும் பல்கலைக்கழகத்திலிருந்து தனசேகருக்குப் போன் வந்ததாம். அவன் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். ஒப்பந்தத்தில் மை காய்வதற்குள் இப்படி ஒரு செய்தியை யார் விரும்புவார்கள்?

அந்த மாதமே மிச்சமிருந்த கூண்டுகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பத்திரிகையில் பல்கலைக்கழகம் கொடுத்த செய்தி வந்தது: நாணல்குப்பம் முன்னோடித் திட்டம் வெற்றிகரமாக நிறைவடைந்தது. கூடவே ரோஸ்மேரி நண்டைத் தூக்கிப் பிடித்திருக்கும் பழைய படம். அதை ஜேம்ஸ் படித்துக் காட்டியபோது, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ரோஸ்மேரி குண்டானை முற்றத்தில் விட்டெறிந்தாள். அது நசுங்கிப்போயிற்று.

மேட்டுத்தண்ணி திரும்பக் கிடைத்தது. மற்றதெல்லாம் எளிதாக இல்லை. ஐஸ் மிஷின் வரவில்லை. அந்தக் கோபத்தில், ரோஸ்மேரியின் இறாலைக் கரையில் எந்த வியாபாரியும் எடுக்கக்கூடாது என்று ஊர்க்கூட்டம் சொல்லிவிட்டது. தண்ணீரில் கால் வைப்பதை அவர்களால் தடுக்க முடியவில்லை. பிடித்ததை விற்பதைத் தடுத்தார்கள். முதல் நாள் அவள் பறியோடு கரையில் நின்றபோது வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். பவுனம்மாள் பக்கத்தில் வந்தாள். ரோஸ்மேரியின் பறியைப் பிடுங்கி, தன் அன்னக்கூடைக்குள் கவிழ்த்து, ஒரு கலக்குக் கலக்கினாள்.

"இப்ப எது அவுளுது, எது என்துன்னு பொறுக்கி எடு பாக்கலாம்," என்றாள் வியாபாரியிடம்.

அவன் மொத்தமாக எடுத்துக்கொண்டான்.

மழை பிடிக்கும் முன்னால் ஒரு மத்தியானம் ரோஸ்மேரியின் போன் அடித்தது. திவ்யா. மேடைக்குப் பிறகு அவள் குரலைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

"அக்கா, வச்சிடாதீங்க. ஒன்னே ஒன்னு சொல்லிக்கிறேன். நான் இப்ப அங்க இல்ல. கான்ட்ராக்ட நீட்டிக்கல." மூச்சு வாங்கினாள். "அடுத்து வடக்கால இருக்கற தோணித்திட்டுக்குப் போறாங்கக்கா. அதே படம், அதே திட்டம். வர்ற திங்கக்கிழமை ஊர்க்கூட்டத்துல பேசப்போறாங்க. அங்கயும் பொம்பளைங்க இறால் தடவுறாங்க. அவங்களுக்குத் தெரியாது."

மன்னித்தேன் என்று சொல்ல ரோஸ்மேரிக்கு மனம் வரவில்லை. திட்டவும் வரவில்லை.

"சரி," என்றாள். வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவளும் பவுனம்மாளும் ஒரு படகுக்காரனைப் பிடித்துத் தோணித்திட்டுக்குப் போனார்கள். அந்த ஊர்த் தலைவர் வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் தண்ணீர்க்கரைக்குப் போனார்கள். பறியை வாயில் கடித்துக்கொண்டு ஏழெட்டுப் பெண்கள் மார்பளவுத் தண்ணீரில் தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி நிமிர்ந்து, பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "யாரு வோணும்?" என்று கேட்டாள்.

"நீங்கதான்," என்றாள் ரோஸ்மேரி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். "நாளிக்கு ஒரு காரு வரும். வெள்ள சட்ட போட்டுக்கினு ஒருத்தர் எறங்குவாரு. நல்லாத்தான் பேசுவாரு. அவரு ஆம்பளைங்கள உக்கார வச்சி பேச ஆரம்பிக்கறதுக்குள்ள, நீங்க அத்தினி பேரும் போயி முன்னாடி உக்காந்துக்கணும். சொல்றேன், கேளுங்க."